டாக்டர் கையில் இரண்டு கவர்

டாக்டர் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் பெரியவர் எழுந்து நின்றார். கூப்பிட்டது வேறு யாரையோ என்று தெரிந்ததும் பொத்தென்று உட்கார்ந்தார். காலம் பூராவும் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அப்போதெல்லாம் நடுங்காத கால், இப்போது பெஞ்சோடு சேர்த்து அதில் இருந்த அத்தனை நோயாளிகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

“சும்மா ஒரு யூரின் டெஸ்ட்டுப்பா. தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி உட்கார்ந்திருக்கீங்க” என்றான் மகன்.

“உனக்கென்னடா, நாப்பது வயசு. எனக்குப் பாதம் மரத்துப் போகுது, படியேறினா மூச்சு தொண்டையில வந்து நிக்குது. என்கூட வண்டி ஓட்டினவன் நல்லாத்தான் இருந்தான். ரிப்போர்ட்டைப் படிச்சான், போய்ட்டான்.”

ஒரு மாதமாக இதே பயம்தான். தும்மல் வந்தால்கூட, பீரோ சாவி இருக்கும் இடத்தை மகனிடம் சொல்லிவிட்டுத்தான் தும்மினார். துணைக்குத் தானும் டெஸ்ட் எடுத்துக்கொள்வதாக மகன் சொன்ன பிறகே சம்மதித்தார். நேற்று விடிந்ததும் இருவருடைய பாட்டிலையும் லேபில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா முதலில் மகனுடைய கவரைப் பிரித்தார். பெரியவர் மூச்சுவிடுவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார். சர்க்கரை இல்ல, உப்பு இல்ல. பச்சைக் குழந்தையோட ரிப்போர்ட் மாதிரி இருக்கு.”

பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் இருந்தபடியே ஒரு சாண் வளர்ந்துவிட்டார். “இன்னொரு தரம் படிங்க டாக்டரம்மா.”

“என்மேல இவ்ளோ பாசமாப்பா?” மகன் சிரித்தான். “சரி, இப்ப உங்களுதைப் பார்ப்போம்.”

இரண்டாவது கவரைப் பிரித்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் படித்தார்.

“புரதம் ஏகத்துக்கும் போகுது, ரத்தமும் கலந்திருக்கு. கிட்னி ரெண்டும் பலமா அடிவாங்கியிருக்கும் போல. இன்னைக்கே அட்மிட் ஆகணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து.”

மகனுக்கு முகம் வெளுத்தது. அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டான். “பயப்படாதீங்கப்பா. என் கிட்னியைக் குடுத்தாவது உங்களைக் காப்பாத்திடுவேன்.”

பெரியவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். மகனின் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மா... ரெண்டு பாட்டிலையும் வேணும்னே மாத்திக் குடுத்தது நான்தான்.”