குறுக்கே பாயும் நாடா

புத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற வக்கீல் வேதாச்சலத்தின் ஆபீஸில், மேசைமேல் அவருடைய கறுப்பு கவுன் விரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் மடிப்புகள் மினுங்குகின்றன. இப்போதைக்கு அதுதான் தறியில் ஓடும் துணி. நகரி விசைத்தறிக் கூடத்தில் இரண்டு விரலை இழந்த ரோஹிணி, கட்டுப் போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வக்கீலின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை இடக்கையால் துணியின் குறுக்கே தள்ளுகிறாள். அதுதான் நூலை இழுத்தோடும் நாடா. எதிரே அவள் புருஷன் கோவர்த்தனன் அதைத் திருப்பி அனுப்பியபடி, "தடக், தடக்" என்று வாயாலேயே தறி ஓட்டுகிறான். "ஓடுற தறியில கைய வுட்டது ஒந்தப்பு, நஷ்டஈடு கெடையாதுங்கறாரு ஓனரு. ஏம்மா வுட்ட?" என்கிறார் வக்கீல். "சொல்றேன், பாத்துக்கினே இருங்க சார்." பெட்டி வேகமாகப் போய் வருகிறது. திடீரென்று ரோஹிணி அதைக் கோணலாகத் தள்ளுகிறாள். அது துள்ளிக் கீழே விழப்போக, வேதாச்சலத்தின் கை தானாகப் பாய்ந்து பிடிக்கிறது. "போச்சு சார் ஒங்க வெரலு!" என்று கோவர்த்தனன் கத்த, மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். "இத கோர்ட்லயும் செஞ்சி காட்டுவியா?" ரோஹிணி யோசிக்கிறாள். "ஜட்ஜு கண்ணாடி போடுவாரா சார்?"