ஏழு வருடத்துத் தவளைகள்

குழியின் ஓரத்தில் குந்தியிருந்த கல்லூரிப் பெண் உமாமகேஸ்வரி, நாலாவது தவளையையும் போட்டோ எடுத்துவிட்டு, இப்படி ஓர் இடம் மும்பையிலேயே கிடையாது என்றாள்.

பக்கத்தில் நின்ற நூர் நிஷா ஐந்தாவது தவளையைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.

சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியின் கடைசிச் சந்தில், நாற்பது வீட்டுக்கும் சேர்த்துக் கழிப்பறை கட்ட ஏழு வருடம் முன்பு தோண்டிய குழி அது. தோண்டிய காண்டிராக்டர் அதோடு ஓடிப்போனான். மழை வந்து நிரப்பியது. மிச்சத்தைத் தவளைகள் பார்த்துக்கொண்டன.

ஒருவழியாகப் புது காண்டிராக்டர் திங்கட்கிழமை வேலையைத் தொடங்குகிறார்.

இந்தப் பெண்ணோ தவளை, பாம்பு, ஆமைகளுக்காக எந்தெந்த இடத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் போட வந்திருக்கிறாள். பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்களாம். அதையும் சிரித்த முகமாகச் சொன்னாள்.

இங்கே தவளையே கிடையாது, இதெல்லாம் நேற்று வந்த விருந்தாளிகள் என்று நூர் நிஷா சாதித்தாள்.

உமாமகேஸ்வரி பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். வார்டு ஆபீசில் கொடுத்தார்களாம். கழிப்பறை கேட்டு இந்தச் சந்துப் பெண்கள் போட்ட பதினேழு மனுக்கள். எந்த மாதம் எத்தனை தவளை, எந்த வீட்டுக்குள் தண்ணீர்ப்பாம்பு, எல்லாம் தேதிவாரியாக. இவ்வளவு ஒழுங்கான பதிவு எங்கள் புரொபசரிடமே இல்லை என்று பாராட்டினாள்.

பதினேழிலும் முதல் கையெழுத்து நூர் நிஷாவுடையது.

எழுதியது ஜெராக்ஸ் கடை ஷேக் பரீத். வெறும் கழிப்பறை என்று எழுதினால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்று மனுவுக்கு ஒரு ஜந்துவாகச் சேர்த்துக்கொண்டே போனான்.

"பன்னெண்டாவது மனுவுல முதலைன்னு இருக்கே ஆண்ட்டி, அது எந்தப் பக்கம்?"

அது ஷேக் பரீத் தன் மாமியாரை நினைத்து எழுதியதாக இருக்கும் என்றாள் நூர் நிஷா. அந்தப் பெண் அதையும் குறித்துக்கொள்ளப் பார்த்தாள்.

நூர் நிஷா வீட்டுக்குள் போய் டீ போட்டு எடுத்து வந்தாள். பிறகு எலுமிச்சை சர்பத். எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் எங்கள் மனசு கஷ்டப்படும் என்றார்கள். மறுபடியும் டீ வந்தது, மோரும் வந்தது.

இவ்வளவு நல்ல மனிதர்களை எந்த சர்வேயிலும் பார்த்ததில்லை என்று உருகி உருகிக் குடித்தாள் உமாமகேஸ்வரி. குடித்துக்கொண்டே சர்வே பாரத்தில் 'முதலிடம்' என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டாள்.

இரண்டாவது செம்பு மோருக்குப் பிறகு அவளுடைய எழுத்து கோணலாயிற்று. எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து நூர் நிஷாவின் காதோரம் வந்தாள்.

"ஆண்ட்டி, இங்க பாத்ரூம் எங்க?"

அவரவர் வாசலில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நூர் நிஷா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, குழியைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"அந்தா, பெரிய தவளை ஒண்ணு உக்காந்திருக்குல்லா பிள்ள? அந்த எடந்தான்."