முன்வரிசை

குழந்தைகளின் வகுப்பறையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் ஒரு சாண் உயரம். உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடித்தது.

எழுந்து நடந்தேன். சன்னல் வரைக்கும் ஏழு தப்படி. திரும்பி வர ஏழு.

சுவருக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில், என்னைப் போதகராக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சபை வாக்களித்துக்கொண்டிருந்தது. எங்கள் யூனிடேரியன் சபைக்கு மேலிடம் என்று ஒன்று கிடையாது. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, சீட்டு எழுதிப் போட்டு, கையோடு எண்ணிவிடுவார்கள்.

வேட்பாளர் உள்ளே இருக்கக் கூடாது. வேட்பாளரின் அப்பா இருக்கலாம். முப்பது வருட உறுப்பினரை யார் வெளியே போகச் சொல்வது?

அந்த ஒரு வாக்கைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மிச்சம் அறுபத்தொரு பேரைப் பற்றித்தான் கவலை.

காலையில் கிளம்பும்போது அப்பா தொண்டை மாத்திரை இரண்டைப் பொட்டலமாக மடித்துக் கையில் கொடுத்திருந்தார். நாற்பது வருடம் மருந்துக்கடையில் கம்பவுண்டராக இருந்தவர். பேருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, எது கையில் கிடைத்தாலும் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, பொடி மருந்து மடிக்கிற மாதிரிதான் மடிப்பார். நாய்வாலை நிமிர்த்த முடியாது என்று அம்மா விட்டுவிட்டாள்.

ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பிரித்தேன். சபையின் அடுத்த மாத நிகழ்ச்சி நிரல்.

சனிக்கிழமை தோட்டத்தில் களை பிடுங்குதல், கையுறை அவரவர் கொண்டுவரவும். செவ்வாய் வாசிப்பு வட்டம், புத்தகத்தைப் படிக்காதவர்களும் வரலாம். வியாழன் பாட்டுப் பயிற்சி, சுருதி கட்டாயமில்லை. கடைசி ஞாயிறு புதிய போதகருக்கு வரவேற்பு, வாக்கு விழுந்தால். தேநீர்ப் பொறுப்பு: கம்பவுண்டர்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மறுபடி ஏழு தப்படி.

இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், வேறொரு சபையில், ஏழு வருடமாக உதவிப் போதகராக இருக்கிறேன். குறை ஒன்றுமில்லை. ஆனால் அம்மா போன பிறகு அப்பா தனி. ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீடு. இந்த வேலை கிடைத்தால் அவரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் மாதம் ஒரு ஞாயிறு வந்து முகத்தைக் காட்டிவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டியதுதான்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் நினைவுக் கூட்டமும் இதே மண்டபத்தில்தான் நடந்தது. பழைய போதகர் நோயில் படுத்திருந்ததால் நானே நடத்தினேன். இருபது நிமிடம் பேசினேன். குரல் ஓர் இடத்தில்கூடத் தழுதழுக்கவில்லை. பெற்ற பெண் எப்படி நிமிர்ந்து நின்று பேசினாள் என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், இங்கே எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பேச்சுதான்.

அப்பா மட்டும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அளந்து பேசுகிறவர்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. எண்ணுகிறார்கள்.

கரும்பலகையில் யாரோ பாதி அழித்திருந்த படகை மீதியும் அழித்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

கதவு திறந்தது. சபையின் செயலாளர் அம்மா, ஓடி வந்த மூச்சோடு நின்றார்.

"அறுபத்தொண்ணு ஆதரவு, ஒண்ணே ஒண்ணு எதிர்ப்பு! கண்ணு பட்டுடக் கூடாதுன்னு யாரோ போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கோம்மா."

எதிர்க்கிறவர் சீட்டிலேயே காரணம் எழுதலாம். எண்ணுகிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, பழைய மடிப்பிலேயே மடித்துப் போதகரிடம் கொடுத்துவிட வேண்டும். கசப்பையும் தெரிந்துகொண்டுதான் வேலைக்கு வர வேண்டும் என்பது இங்கே வழக்கம். செயலாளர் அம்மா சீட்டை என் கையில் வைத்துவிட்டு, சீக்கிரம் வரச் சொல்லிப் போனார்.

சீட்டைப் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது.

முதலில் சுர்ரென்று கோபம்தான் வந்தது. யாருக்காக இந்த அலைச்சல் எல்லாம்?

பிரித்தேன். மருந்துச் சீட்டில் எழுதுகிற அதே பொடி எழுத்து.

'வேண்டாம்.

நல்லாப் பேசுவா. நாளைக்கு எனக்கும் நல்லாப் பேசிடுவா. அதான் வேண்டாம். அவங்க அம்மாவுக்கே இன்னும் அழல. எனக்காவது முன்வரிசையில உக்காந்து அழட்டும்.'

சீட்டை அதே மடிப்பில் மடித்தேன். மண்டபத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் அப்பாவும் நின்று தட்டிக்கொண்டிருந்தார், மற்ற எல்லோரையும் விடப் பலமாக. பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்து வைத்த மாதிரி அவருடைய பை.

மேடையில் மைக் தயாராக இருந்தது. ஏற்புரை சட்டைப்பையில் இருந்தது, இரண்டு பக்கம்.

அப்பாவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கைதட்டல் வரிசை வரிசையாக ஓய்ந்தது. பதினோரு மாதம் கழித்து எனக்கு அழுகை வந்தது. சின்ன அழுகை இல்லை.

அப்பா உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதையும் பொட்டலமாகத்தான் மடித்திருந்தார்.