எருக்குழித் தக்காளி

கிழிந்த ஜெபப் புத்தகங்களில் இறைவனின் பெயர் இருப்பதால் அவற்றை எரிக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்க வேண்டும் என்பது அந்த யூதச் சபையின் வழக்கம். அந்த வேலையைச் சிப்போராவிடம் கொடுத்தார்கள். மகனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. எல்லாம் மண்தானே என்று, ஜெப ஆலயத்தின் பின்னால் சபையார் போட்டிருந்த காய்கறித் தோட்டத்து எருக்குழியில் புத்தகங்களைப் போட்டு மூடிவிட்டாள்.

அந்த எருவுக்குத் தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பழுத்த பிறகுதான், செடியடியைக் கிளறிய சபைப் பெரியவர் ஏலியாவின் கையில் ஜெபப் புத்தகத்தின் மட்காத தாள் துண்டு ஒன்று எழுத்தோடு அகப்பட்டது.

"என்னம்மா காரியம் பண்ணிட்ட? இந்தப் பழத்தை எப்படித் திங்கிறது? எப்படித் தூக்கிப் போடுறது?"

யாரும் தொடாமல் பழங்கள் செடியிலேயே வெடித்து அழுகின. கடைசியில் அவற்றையும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"நீதான் கொண்டு போகணும்" என்றார் ஏலியா.

கூடையோடு போனவள் மகனின் தலைமாட்டிலேயே குழி தோண்டினாள்.

மழைக்காலம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே மறுபடி போனாள். அவன் மேட்டில் தக்காளிச் செடி மண்டிக் கிடந்தது. சிவந்த ஒன்றைப் பறித்து வாயில் போட்டாள். பிறகு விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கையில் காம்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.