ஏணியைப் பிடித்தவர்

தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயில், ஹார்லனின் திறந்த சவப்பெட்டி மேல் சிவப்பாகக் கிடக்கிறது. கடைசி பெஞ்சில் முடிதிருத்தும் கிளியனும் தபால்காரர் ரூஃபஸும் பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் மல்லுக்கட்டுகிறார்கள். "டெக்ஸ்டர் ரெண்டு கையாலயும் ஆடுவான். லூஷியஸ விடப் பெரிய ஆளுடா." "அப்புறம் ஏன் அவனுக்கு ஒரு கோப்பைகூட இல்ல?" "பந்தக் கொண்டாந்து கையில குடுக்க அவனுக்கு ஒரு ஹார்லன் வாய்க்கலயே." லூஷியஸ் உள்ளே வருகிறார், பேச்சு நிற்கிறது. எழுபதை நெருங்கும் அந்த நெடிய மனிதரின் கையில், ஐம்பது வருஷத்துக்கு முன் அவரும் ஹார்லனும் ஆடிய பள்ளி அணி இந்தியானா மாநிலக் கோப்பையை வென்ற அன்று கூடையிலிருந்து அறுத்த வலை. வென்றவர்கள் ஒவ்வொருவராக ஏணியேறி ஆளுக்கொரு கண்ணி வெட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று லூஷியஸ் மிச்ச வலை முழுவதையும் அறுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் வெட்டியாச்சுன்னு நெனச்சேன், வெர்லீன்," என்கிறார் ஹார்லனின் மனைவியிடம். அவள் தலை நிமிரவில்லை. "அவரு வெட்டல. கீழ ஏணியப் புடிச்சிட்டு நின்னாரு. நீங்க விழுந்துடக் கூடாதுன்னு."

லூஷியஸ் சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வலையோடு நீட்டுகிறார். பழுப்பேறிய நூலை அவள் வெட்டும் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. அந்த ஒற்றைக் கண்ணியைக் கணவர் கையில் வைக்க எட்டவில்லை. பெட்டியை வைத்த மேடை உயரம், அவள் குள்ளம். பக்கத்திலிருக்கும் மர முக்காலியில் ஏறுகிறாள். அது ஆடுகிறது. லூஷியஸ் மெல்ல மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முக்காலியைப் பிடித்துக்கொள்கிறார்.