முன்சீட்டின் கரகரப்பு

மனைவி பொற்கொடி இறந்தபின் காருக்குள் கிடந்த அமைதியைத் தாங்காமல், பிரான்சிஸ் தன் மாருதியில் ஆம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கரும் மாட்டினார். ஒரு கல்யாண மண்டபத்துக்கே போதுமான சத்தம். ஆனால் எந்தக் கேசட்டைப் போட்டாலும் கரகரத்தது.

"எர்த் சரியில்லீங்கண்ணா," என்று உக்கடத்துக் கடைக்காரர் ஷாநவாஸ் ஒயரை மாற்றினார். போகவில்லை. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலும் கழன்றதும் பாட்டு நின்றது. கரகரப்பு மட்டும் இடப்பக்க முன்சீட்டிலிருந்து, பொற்கொடி பாடுவதைப் போலவே சுருதி சேராமல், அதே பாட்டைத் தொடர்ந்தது.

ஷாநவாஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "இது நம்ம வேலை இல்லீங்கண்ணா."

சந்தோஷத்தில் பிரான்சிஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவள் பாடினாலே கிண்டலடிக்கும் இருபது வருஷப் பழக்கம். "அம்மணி, பாட்டைக் கொல்லாம வா," என்றார்.

பாதி வரியில் அது நின்றது.

ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டிக் கிளம்பினார். மதுக்கரை போய்ச் சேரும்வரை எத்தனை மன்னிப்புக் கேட்டும் பாட்டு துல்லியமாகவே ஒலித்தது.