சிரித்தால் திறக்கும் குழாய்

ஒரு நிறுவனம் எங்கள் ஊருக்கு இலவசமாக வைத்துக் கொடுத்த குழாயைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. அதன் முன் நின்று மனதாரச் சிரித்தால் தண்ணீர் வரும். அந்தச் சிரிப்பின் படம் நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குப் போகும்.

அன்று காலை சொரிமுத்து இறந்துபோனார். உடலைக் குளிப்பாட்ட மகன்தான் மூன்று குடம் நீரெடுக்க வேண்டும் என்பது வழக்கம். மகன் இசக்கிராசா குடத்தை வைத்துவிட்டுப் பல்லைக் காட்டினான்.

“இன்னும் மகிழ்ச்சியாக முயலுங்கள்” என்றது குழாய்.

அக்காவுடன் கூட வந்த அத்தான் அவன் காதருகே குனிந்தார். “மாப்ள, இந்தக் கொழாய் தெறப்புவிழாவுல மாமா அதிகாரிய விட்டுட்டு டிரைவர் கழுத்துல மாலையப் போட்டாவளே!”

இசக்கிராசா தன்னை மறந்து சிரித்துவிட்டான். தண்ணீர் கொட்டியது. பாதிக் குடத்தில் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் நின்றது.

“இன்னும் ரெண்டரைக் கொடம் வேணும்லே, தம்பி. அழாத” என்ற அக்கா, தானும் அழுதபடியே அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள்.